முதலில் கழுத்தா, மூச்சா?

பைக்கில் இருந்து தூக்கி எறியப்பட்டவரை நாலு பேர் ஓடி வந்து, ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவது தமிழ்நாட்டுச் சாலைகளில் பழகிப்போன காட்சி. 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகும் இது முழுதாக மறையவில்லை. நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு தூக்கலிலேயே தண்டுவடம் நசுங்கிவிடலாம்.

சரி, எப்படியோ மருத்துவமனைக்கு வந்துவிட்டார். அங்கே அவரை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஒரு நர்ஸ். பலரும் நினைப்பது போல, கழுத்துக்குக் காலர் மாட்டுவது அவருடைய முதல் வேலை அல்ல. ரத்தம் பீறிட்டால் அதை அழுத்தி நிறுத்த வேண்டும். அடுத்தது மூச்சு. ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தாடையை மட்டும் முன்னால் தள்ளி மூச்சுப்பாதையைத் திறக்க வேண்டும். வழக்கம்போல தலையைப் பின்னால் சாய்த்தால் கழுத்து போய்விடும். கழுத்துக்குப் பயந்து மூச்சை விட்டால் ஆளே போய்விடுவார்!

அடுத்து ஷாக். பயத்தில் வரும் அதிர்ச்சி அல்ல இது. உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராத நிலை. ரத்தம் இழந்தவருக்கு நாடி வேகமாகத் துடிக்கும், தோல் சில்லிட்டு வியர்க்கும். தண்டுவடத்தில் மேல்பகுதி அடிபட்டவருக்கோ ரத்த அழுத்தம் இறங்கியும் நாடி மெதுவாகவே இருக்கும், தோல் கதகதப்பாக இருக்கும். பார்த்தால் நிம்மதியாகத் தூங்குபவர் போலத் தோன்றும். ஏமாறுவது இங்கேதான். உணர்வு போனவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் வலிக்காது, "வயிறு வலிக்கிறதா?" என்றால் இல்லை என்பார். அதனால் எந்த ஷாக்கையும் முதலில் ரத்தப்போக்கு என்றே சந்தேகிக்க வேண்டும். அது இல்லை என்று உறுதியான பிறகும் டிரிப்ஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோர்க்கும். ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்து தேவைப்படலாம். அழுத்தம், நாடி, தோலின் சூடு, சிறுநீர் அளவு ஆகிய நான்கையும் விடாமல் குறித்துவரும் நர்ஸ்தான் இந்த வித்தியாசத்தை முதலில் பிடிக்க முடியும். அவர் "டாக்டர், நாடி சரியில்லை" என்றால் உடனே காது கொடுக்க வேண்டாமா?

2021 டிசம்பரில் தமிழக அரசு, விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் வரம்பு 1 லட்சம் ரூபாய். நல்ல திட்டம். பணத் தடை ஓரளவு நீங்கியது. ஆனால் ஒருவரை முதுகு வளையாமல் மரக்கட்டை போலத் திருப்பிப் பார்க்க, தலைக்கு ஒருவர், உடம்புக்கு மூவர், முதுகைப் பார்க்க ஒருவர் என்று ஐந்து பேர் வேண்டும். இரவு ஷிஃப்டில் இரண்டே நர்சுகள் இருக்கும் சிறிய ஆஸ்பத்திரி என்ன செய்யும்? கணக்குப் பார்த்தால் இதற்குப் பெரிய செலவில்லை. வார்டு உதவியாளர், செக்யூரிட்டி, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் எல்லோருக்கும் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பழக்கினால் போதும். தலையைப் பிடித்திருப்பவர் எண்ணும்போதுதான் மற்றவர்கள் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் கட்டளை அவருடையது, அது நர்ஸாக இருந்தாலும்.

ஆம்புலன்ஸில் வந்த கடினமான பலகையில் இருந்து அவரைச் சீக்கிரம் மாற்றுவதும் நர்ஸின் கவனத்தில்தான் இருக்கிறது. நேரமானால் படுக்கைப் புண் வந்துவிடும். பேண்ட்டின் பின் பாக்கெட்டில் பைக் சாவி அழுத்திக்கொண்டிருந்தால் கூட அவருக்குத் தெரியாது.