களத்திற்கு வயது உண்டோ?

கல்லூரியில் புதிதாய்ச் சேரும் மாணவரிடம் உடற்கல்வித் துறையில் கேட்கப்படும் முதற்கேள்வி, "பள்ளியில் என்ன விளையாடினாய்?" என்பது. "ஒன்றும் விளையாடியதில்லை" என்று விடை வந்துவிட்டால், மைதானத்தின் கதவு அன்றே அவருக்கு அடைபட்டுவிடுகிறது. பதினெட்டு வயதில் ஒருவரைக் 'காலம் கடந்தவர்' என்று ஒதுக்குவது முறைதானா?

நம் கொங்கு மண்ணே இதற்கு மறுமொழி கூறுகிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுத் தொழிலாளியின் மகனாய் 1991-இல் பிறந்தவர் தங்கராசு நடராஜன். இருபது வயதுவரை அவர் வீசியதெல்லாம் டென்னிஸ் பந்தே. அதன் பின்னரே கிரிக்கெட் பந்தைக் கையில் எடுத்தார். 2015-இல் ரஞ்சிப் போட்டியில் அறிமுகமான வேளையில், அவர் பந்து வீசும் முறை விதிக்கு ஒத்ததா என்ற ஐயம் எழுந்தது. அவர் மனம் உடைந்து ஒதுங்கவில்லை. தெரிந்ததை மறந்து, புதிதாய்ப் பயின்றார். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில், ஒரே பயணத்தில் மூவகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

கட்டடக் கலை பயின்று, அத்தொழிலில் இருந்துவிட்டு மீண்டும் களம் புகுந்த வருண் சக்கரவர்த்தியும் மற்றொரு சான்று. ஒருநாள் போட்டியில் அவர் இந்தியாவுக்காக முதன்முதல் ஆடியது 2025-இல். அப்போது அவருக்கு வயது 33.

"இவ்விருவரும் சிறுவயதிலேயே பந்தோடு பழகியவர்கள் அல்லரோ? முற்றிலும் புதியவர் என் செய்வார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அத்தகையோருக்கு ஏற்ற ஆட்டம் மென்பந்து எனப்படும் சாஃப்ட்பால் என்பேன். நம்மில் பெரும்பாலோர் பள்ளியில் இதனைத் தொட்டறியார். கிரிக்கெட் வீரரின் தோள்பழக்கமும் இதில் பெரிதும் உதவாது. மட்டையாளருக்குப் பந்து எறிபவர் அதனைத் தோளுக்கு மேலிருந்து எறிதல் கூடாது. கை முழு வட்டமாய்ச் சுழன்று, தொடையருகே வரும்போது மணிக்கட்டின் சொடுக்கோடு பந்து விடுபடவேண்டும். ஆகவே வீரரும் புதியவரும் ஒரே கோட்டில் நின்று தொடங்குகின்றனர்!

வயது வந்தபின் தொடங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெண்கள் ஆட்டத்தில் எறியும் தொலைவு 43 அடி. முதல் நாளே அத்தொலைவிலிருந்து முழு வேகத்தில் எறிய முற்பட்டால் தோள் நோகும். சுவரருகே நின்று மணிக்கட்டுச் சொடுக்கு, பின்னர் அரைவட்டம், அதன் பின்னர் முழுவட்டம், இறுதியிலேயே வேகம் என்று படிப்படியாய்ச் செல்லல் வேண்டும். இளையோரினும் மூத்தோர்க்கு இங்கே ஒரு நன்மை உண்டு: ஏன் இப்படிச் செய்யவேண்டும் என்பதை உணர்ந்து பயிலும் பொறுமை அவர்க்கு வாய்த்திருக்கும்.

ஆயினும் இருபது வயதினரைத் தடுப்பது பெரும்பாலும் உடலன்று, நாணமே. பலர் பார்க்கப் பந்து திசைமாறிப் போவதை அவர் உள்ளம் தாங்குவதில்லை. தோற்பதற்கு அஞ்சுவோர் மைதானத்தில் மட்டுமா பின்தங்குவர்? புதுமொழி கற்பதிலும், புதுத்தொழில் தொடங்குவதிலும் அவ்வச்சமே குறுக்கே நிற்கும். வீட்டுப் பொறுப்புகளால் பள்ளிப்பருவத்தில் மைதானத்தையே காணாத மாணவியர்க்கோ, கல்லூரிக் காலமே முதல் வாய்ப்பு. பலர்க்கு அதுவே இறுதி வாய்ப்புமாகும்.

எனவே கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெற்றிக் கோப்பைக்கான அணிகள் இருக்கட்டும். அவற்றோடு, வாரத்தில் இரு மாலைகளை 'இதுவரை விளையாடாதோர்க்கு' என ஒதுக்குங்கள். மாணவியர்க்கும் தனி நேரம் வகுத்துக் கொடுங்கள். ஆசிரியப் பெருமக்களும் அவ்வரிசையில் வந்து நிற்கட்டும். தம் பேராசிரியரின் பந்து திசைமாறிப் போவதையும், அவர் சிரித்தபடி அடுத்த பந்தை எடுப்பதையும் காணும் மாணவர், எந்த வகுப்பறையும் கற்பிக்காத பாடம் ஒன்றைக் கற்பார்.

அனைவரும் நடராஜன் ஆகவேண்டுவதில்லை. இனி, "பள்ளியில் என்ன விளையாடினாய்?" என்னும் கேள்விக்கு மாற்றாக, "இங்கே என்ன கற்க விரும்புகிறாய்?" என்று கேட்போம். அதுவே கல்விக்கூடத்திற்கு அழகு.