பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்!

எறையூரிலிருந்து பஸ் ஏறி, சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆஸிலாஸ்கோப் தேடும் எலெக்ட்ரானிக்ஸ் பித்தரா நீங்கள்? புதுப் பெயின்ட்டை நம்பாதீர்கள். ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். கால் மணி கழித்தும் பச்சைக் கோடு மெல்லிசாக, நகராமல் நின்றால் பாதி பாஸ். அடுத்து, 'கால்' என்று எழுதிய முனையில் புரோபை மாட்டினால் சதுர அலை வரவேண்டும். பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ். மூலை மழுங்கியிருந்தால் புரோபில் உள்ள குட்டி ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்யலாம். மங்கிப்போன டியூபுக்குத்தான் மருந்தில்லை.

வாங்கியாச்சா? இனிமேல்தான் ஆபத்து. புரோபின் எர்த் கிளிப், மூணு பின் பிளக்கின் எர்த்தோடு சேர்ந்தது. அதை மெயின்ஸ் பக்கம் மாட்டினால் 'டமால்'! அதற்குப் பயந்து சில மேதாவிகள் எர்த் பின்னையே வெட்டிவிடுவார்கள். அப்புறம் கிளிப்போடு ஸ்கோப்பின் இரும்புப் பெட்டியும் 230 வோல்ட்டில் நிற்கும். திரையில் அலை, நம்ம போட்டோவுக்கு மாலை!