கூலிக் கணக்கில் பருப்பும் எண்ணெயும்

தோழர்களே! கூலி உயர்வு கேட்டு நாம் பேச்சுவார்த்தைக்கு அமரும்போதெல்லாம் நிர்வாகம் எடுத்து வைப்பது இலாப நட்டக் கணக்கு. நாம் எடுத்து வைக்க வேண்டியது அடுப்பங்கரைக் கணக்கு. அந்தக் கணக்கிலே அரிசி இருக்கிறது, சரி. பருப்பு எவ்வளவு? எண்ணெய் எவ்வளவு? முட்டை உண்டா, இல்லையா? இதைக் கேட்காத கோரிக்கை பாதிக் கோரிக்கை என்பதே நமது கருத்து.

"வயிறு நிறையச் சோறு கிடைக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடை சொல்வோம். உழைப்பவன் உடலுக்கு எரிபொருள் வேண்டும். அதைச் சோறு தரும். தேய்ந்த தசையைப் புதுப்பிக்க, புண்ணை ஆற்ற, நோயை எதிர்க்கப் புரதம் வேண்டும். புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் 9 வகையை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவில் வந்தால்தான் உண்டு. அரிசியில் அவற்றுள் ஒன்றான லைசின் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஆகவேதான் சோற்றோடு பருப்பும், இட்டிலி மாவில் அரிசியோடு உளுந்தும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார் கண்ட உண்மை இது. ஆனால் பருப்பு வாங்கக் காசு இல்லாத வீட்டில் அந்த அறிவு என்ன செய்யும்?

கொழுப்பைப் பற்றியும் ஒரு சொல். திமிர் பிடித்தவனைக் 'கொழுப்பெடுத்தவன்' என்று ஏசுவது நம் வழக்கு. அதனால் கொழுப்பே கூடாத பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தந்தால், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஏ, டி, ஈ, கே என்னும் உயிர்ச்சத்துக்கள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்கு சேரும். மிகுதியாகத் தின்று நோய் தேடிக்கொண்டவனுக்கு மருத்துவர் சொல்லும் எச்சரிக்கையை, தாளிக்க எண்ணெய் இல்லாதவனுக்குச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உணவில் மொத்தக் கலோரி குறைந்துபோனால், தின்ற கொஞ்சம் புரதத்தையும் உடல் எரிபொருளாக எரித்துவிடுகிறது. வீடு கட்ட வைத்திருந்த மரத்தை அடுப்பில் வைப்பது போன்றது இது. ஆகவே கலோரியையும் வெட்டி, புரதத்தையும் வெட்டினால், உழைப்பாளிக்கு இரட்டை அடி.

இந்த அறிவு ஏதோ அயல்நாட்டிலிருந்து நேற்று வந்ததன்று. நமது குன்னூரிலே வளர்ந்தது. அங்கே ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை எல்லாவற்றிலும் மெலிந்து நின்றன. அவருக்குப் பின் 1935 முதல் 1945 வரை அந்த ஆய்வகத்தை நடத்தியவர் டாக்டர் வாலஸ் அய்க்ராய்ட். 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தொழிலாளி குடும்பத்தை 3 நுகர்வு அலகாகக் கொண்டு, அய்க்ராய்ட் வகுத்த உணவு அளவையே குறைந்தபட்சக் கூலிக்கு அடிப்படையாக ஏற்றது. ஓர் அலகுக்கு நாள் ஒன்றுக்கு 2,700 கலோரி என்பது அந்தக் கணக்கு. 1991-இல் உச்சநீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 விழுக்காடு இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கலோரி மட்டுமே கணக்கு என்றால், ஏறத்தாழ 780 கிராம் அரிசியைக் கொண்டே 2,700-ஐ நிரப்பிவிடலாம். அதை யாராவது உணவு என்பார்களா? மத்திய அரசு ஊழியர்க்கான 7-ஆவது ஊதியக் குழு அப்படிச் சொல்லவில்லை. 1957-இன் வழியிலேயே அது போட்ட கணக்கில் ஓர் அலகுக்கு நாள்தோறும் பருப்பு 80 கிராம், பால் 200 மில்லி லிட்டர், சமையல் எண்ணெய் 40 கிராம். குடும்பத்துக்கு மாதம் 90 முட்டை. மீனும் இறைச்சியும் வேறு. மற்றச் செலவுகளும் சேர்த்து 2016 முதல் மாதம் 18,000 ரூபாய் அடிப்படை ஊதியம் ஆனது. நல்ல கணக்கு, வரவேற்கிறோம்.

ஆனால் அந்த அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கணக்கு? நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலியை வகுக்க அமைத்த வல்லுநர் குழு 2019-இல் அறிக்கை தந்தது. குடும்பத்தை 3.6 அலகாக உயர்த்தினார்கள், அது நியாயம். புரதத்தையும் கொழுப்பையும் பெயர் சொல்லிக் கூலிக் கணக்கில் எழுதினார்கள், அதுவும் நல்லதே. ஆனால் என்ன எழுதினார்கள்? கலோரி 2,400, புரதம் 50 கிராம், கொழுப்பு 30 கிராம்! அரசு ஊழியரின் கணக்கில் எண்ணெய் மட்டுமே 40 கிராம். தொழிலாளியின் கணக்கில் எல்லாக் கொழுப்பும் சேர்ந்தே 30 கிராம்! அதை வைத்து நாளைக்கு 375 ரூபாய் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு அறிவித்ததோ 178 ரூபாய்! வல்லுநர் சொன்னதில் பாதிகூட இல்லை.

உழைப்பு இப்போது இலேசாகிவிட்டது என்பது கலோரியைக் குறைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம். மூட்டை தூக்குகிறவன், செங்கல் சூளையில் வேகிறவன், சாலையில் தார் ஊற்றுகிறவன் இதைக் கேட்டால் சிரிப்பான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவைப் பாருங்கள்: மிதமாக உழைக்கும் ஆணுக்கு 2,710 கலோரி, கடுமையாக உழைப்பவனுக்கு 3,470, 65 கிலோ எடையுள்ள ஆணுக்குப் புரதம் 54 கிராம். 1957-இன் 2,700-க்கு 2020-இன் அறிவியலே சாட்சி சொல்கிறது!

நமது மாநிலத்தில் 2007 முதல் நியாயவிலைக் கடைகளில் மலிவு விலைக்கு அட்டை ஒன்றுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் வழங்கும் திட்டம் வந்தது. ஏழை வீட்டுக்கு அது பெரிய துணை, மறுக்கவில்லை. ஆனால் ஊதியக் குழுவின் கணக்கில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 7.2 கிலோ பருப்பு. மீதி 6.2 கிலோ கூலியிலிருந்துதான் வர வேண்டும்.

2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடு முழுமைக்குமான அடித்தளக் கூலியை மத்திய அரசு வகுக்க வேண்டும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக் கூடாது என்பது அதன் விதி. அந்த அடித்தளம் எந்த உணவின்மேல் போடப்படுகிறது என்பதைப் பொறுத்தே கோடிக்கணக்கான குடும்பங்களின் சட்டி நிறையும்.

ஆகவே தோழர்களே, கிளைதோறும், வாயிற்கூட்டம்தோறும் இதைப் பேசுங்கள். கலோரி 2,700-க்குக் குறையக் கூடாது. பருப்பும் எண்ணெயும் பாலும் முட்டையும் அரசு ஊழியருக்கு எந்த அளவோ, அதே அளவு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேண்டும். விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும். உங்கள் உறுப்பினர் பத்துப் பேர் வீட்டில் மாதம் எத்தனை கிலோ பருப்பு, எத்தனை முட்டை வாங்குகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் இலாப நட்டக் கணக்குக்கு எதிரே அந்தத் தாளை வையுங்கள். அரசு ஊழியருக்கு ஓர் உடல், கூலிக்காரனுக்கு வேறோர் உடலா என்று கேளுங்கள். விடை சொல்ல வேண்டியது அவர்கள் கடமை!