ஊமைப் பூவின் வழக்கு

என் நண்பர் ஒருவர் பரம்பரையாகப் பூ வியாபாரத்தில் ஊறியவர். மல்லிகை எந்த ஊர்த் தோட்டத்தில் பறித்தது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவர், மேஜைமேல் இருந்த ஒரு சிறு சீசாவை எடுத்து முகர்ந்தார். பாரிஸிலிருந்து என் தங்கை மகள் கொண்டுவந்து கொடுத்த ‘டியோரிஸிமோ’ அது.

“என்ன பூ சார் இது?”

“லில்லி ஆஃப் தி வேலி. பிரெஞ்சுக்காரர்கள் ‘முகே’ என்பார்கள். வசந்த காலத்தில் தோட்டத்து மர நிழலில் பூக்கிறது. மே முதல் தேதி ஒருவருக்கொருவர் ஒரு கொத்துக் கொடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்.”

“இதற்கு எத்தனை கிலோ பூ போகும்?”

“அந்தப் பூவில் ஓர் இதழ்கூடக் கிடையாது.”

சீசாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்படியானால் மோசடி” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மல்லிகை வாயாடி. கரைப்பானில் ஊறப் போட்டால் தன் மணத்தை ஒப்படைத்துவிடும். நம் தமிழ்நாட்டு மல்லிகைச் சாறு அப்படித்தான் அயல்நாடுகளுக்குப் போகிறது. முகே அந்த ரகமல்ல. சின்னஞ்சிறு வெள்ளை மணிகளை ஒரு காம்பில் தொங்கவிட்டாற்போன்ற அந்தப் பூவை வடித்தாலும் ஊறவைத்தாலும் வாசனைக்காரனுக்கு உதவும்படி மணம் கிடைப்பதில்லை. அந்தத் தொழிலில் அதற்கு வைத்த பெயரே ‘ஊமைப் பூ’ என்பது. (லில்லி என்ற பெயரும் பொருந்தாது. தாவர நூலார் இன்று அதை நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். செடி முழுவதும் விஷம் வேறு.)

இந்த ஊமையைப் பேச வைக்க வந்தவர் எட்மான் ரூட்நிட்ஸ்கா. கிராஸ் நகரத்துக்கு அருகே காப்ரி என்ற மலைக்கிராமத்தில் குடியிருந்தார். அந்தக் காலத்து வாசனைகளில் தித்திப்பு மிஞ்சிவிட்டது என்பது அவர் குறை. முகேயைத் தன் தோட்டத்திலேயே நட்டு வளர்த்தார். அது பூக்கும்போதெல்லாம் அருகே போய் முகர்ந்து பார்த்தார். பிறகு அறைக்குத் திரும்பி, பூவிடமிருந்து எதையும் பறிக்காமல், அதன் மணத்தைத் தன் நினைவிலிருந்து கட்டினார். அவர் கையில் இருந்த முக்கியமான சரக்குகளில் ஒன்று ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால். இலங்கையிலும் ஜாவாவிலும் விளைந்த சிட்ரோனெல்லாப் புல்லின் எண்ணெயில் கிடைக்கும் ஒரு பொருளை மாற்றிச் செய்தது அது. நம் பக்கத்துப் புல்லைக் கொண்டு பிரான்சின் வசந்தத்தைச் செய்திருக்கிறார்கள்! 1956-ல் அது வெளிவந்தது. முகே என்றால் உயிரை விடும் கிறிஸ்தியன் டியோர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மறு வருஷம் கண்ணை மூடினார்.

இதை மோசடி என்றால், என்னையும் சிறையில் போட வேண்டும். என் கதைகளில் வருகிற எவரும் ஜனத்தொகைக் கணக்கில் இல்லை. இதே நண்பர்தான் என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, அந்தப் பெண் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்டார். அப்போது மோசடி என்று அவருக்குத் தோன்றவில்லை.

மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. ஐரோப்பிய யூனியன், தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதாக லைரால் என்ற பொருளையும், கருவளத்துக்குக் கெடுதல் என்று 2022 மார்ச் முதல் லிலியால் என்ற பொருளையும் தடை செய்தது. இரண்டும் முகே மணம் செய்ய உதவிய சரக்குகள். ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லாலுக்கும் தொழில் விதிகள் அளவு கட்டியிருக்கின்றன. உடம்புக்கு ஆகாததை நிறுத்தட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டு, அதே பெயர், அதே சீசா, அதே படத்தோடு விற்கிறார்களே, அதற்கு என்ன பெயர்? பெட்டியின் அடியில் பொடி எழுத்துப் பட்டியலில் ஒரு பெயர் குறையும், ஒரு பெயர் கூடும். அவ்வளவுதான் அறிவிப்பு. என் மேஜைமேல் இருப்பதும் 1956-ன் டியோரிஸிமோ அல்ல. அது வேண்டுமானால் 1990-ல் வெர்சாயில் தொடங்கிய ஆஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். பழைய வாசனைகளை மூலச் செய்முறைப்படியே செய்து பாதுகாக்கிறார்கள் அங்கே.

இந்த வலி எனக்குத் தெரியும். என் நாவல் ஒன்றின் மூன்றாம் பதிப்பில், பக்கக் கணக்குக்காகப் பதிப்பாளர் ஓர் அத்தியாயத்தையே எடுத்துவிட்டார். அட்டை அதே, பெயர் அதே. “பாட்டி எப்போது செத்துப்போனாள்? நான் எங்கேயோ தவறவிட்டுவிட்டேனா?” என்று ஒரு வாசகி எழுதினாள். தப்பு தன்மேல் என்று அவள் நினைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டி உடுத்திய சென்ட் மாதிரி இது இல்லையே, என் மூக்குத்தான் கெட்டுவிட்டதோ என்று நினைக்கும் பேத்தியும் அந்த வாசகிதான்.

பிரான்சின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2006 ஜூனில் என்ன சொல்லிற்று தெரியுமா? வாசனை என்பது கைத்திறமையால் ஆன பண்டம். பதிப்புரிமைக்குரிய படைப்பு அல்ல என்றது. மூன்றே நாள் கழித்து நெதர்லாந்தின் உயர்ந்த நீதிமன்றம், படைப்பாகவும் இருக்கலாம் என்றது. வாசனைக்குப் பேர்போன பிரான்சில் மூக்கடைப்பு. துலிப் விற்கிற ஊரில் மூக்கு வேலை செய்கிறது! வாசனையும் கலைதான் என்று புத்தகம் எழுதியே வாதாடிய ரூட்நிட்ஸ்கா 1996-லேயே போய்விட்டார். இந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. படைப்பு என்று ஒப்புக்கொண்டால், திருத்துவதற்கு முன் படைத்தவனைக் கேட்க வேண்டியிருக்கும். பண்டத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

நான் கேட்பது பெட்டிமேல் ஒரே ஒரு வரி: ‘இன்ன வருஷம் திருத்தப்பட்டது’ என்று, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். புறப்படும்போது சீசாவை மறுபடி எடுத்து ஒரு சொட்டுக் கைக்குட்டையில் விட்டுக்கொண்டார்.

“பழசு இதைவிட நன்றாக இருக்குமா சார்?” என்றார்.