உறவு யார்? சமீபத்தில் பார்த்த ஐந்து படங்கள்

கடந்த நாலைந்து மாதங்களில் ஐந்து படங்கள் பார்த்தேன். எல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடிதான். ரத்னா, ராமன், ஆனந்தா என்று தியேட்டர் தியேட்டராகச் சைக்கிளில் போன காலம் போய்விட்டது. இரண்டரை மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார முழங்கால் சம்மதிப்பதில்லை. வீட்டிலென்றால் நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து நாலு நடை நடக்கலாம்.

நான் தனியாகப் படம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் கூடத்தில் நாலு பேர் கூடுவோம். எதிர்வீட்டு சொல்தா ஒருவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பான்சியோன் வாங்குபவர், பின் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், என் மனைவி, நான். இடைவேளைக்குச் சுக்குக் காப்பி உண்டு. படம் முடிந்ததும் சண்டையும் உண்டு.

காமிரா கோணம், திரைக்கதை உத்தி இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பதிவேடு. பணிக்காலத்தில் பெரும்பகுதி பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு முன்னால்தான் கழிந்தது. யாருக்கு யார் என்ன உறவு என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அதனாலோ என்னவோ, இந்த ஐந்து படங்களும் எனக்கு ஒரே கேள்வியைக் கேட்பதுபோல் பட்டது. உறவு என்பது யார்? பதிவேட்டில் இருப்பவரா, வாசலில் வந்து நிற்பவரா?

முதலில் பார்த்தது 'மெய்யழகன்'. 2024-இல் வந்த படம், '96' எடுத்த பிரேம்குமார் இயக்கியது. பங்காளித் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பம். இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை அருள்மொழி (அரவிந்த்சாமி), தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒருவர் (கார்த்தி) 'அத்தான் அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறார். சாப்பாடு பரிமாறுகிறார், பஸ்ஸைத் தவறவிட்டவரை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார், இரவெல்லாம் பேசுகிறார். அருளுக்கோ அவர் பெயரே தெரியவில்லை. கேட்கவும் வெட்கம். படம் முழுவதும் இவ்வளவுதான்.

சொல்தா அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார். "முசியே, பேசிக்கிட்டே இருக்காங்களே, எப்ப ஏதாவது நடக்கும்?" என்றார் எழுந்தவுடன். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நீளம் அதிகம் என்று, வெளிவந்த பிறகு அவர்களே சுமார் 18 நிமிஷம் வெட்டினார்கள். இரவுப் பேச்சில் இன்னும் கொஞ்சம் குறைத்திருந்தாலும் நஷ்டமில்லை. ஆனால் கல்யாண மேடையில் தங்கைக்கு அண்ணன் நகை போட்டுவிடும் இடத்தில் என் மனைவி முந்தானையை எடுத்துக்கொண்டார். ஆசிரியரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசியாம்.

எனக்கு அந்தப் பெயர் விஷயம்தான் மனதில் நின்றது. புதுச்சேரியில் பதிவேட்டு வேலை பார்த்தவனுக்குப் பெயரின் பாடு தெரியும். 1881-ஆம் வருஷச் சட்டப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்த ரெனோன்சான்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். அது ஒரு ரகம். மற்றவர்களுக்கு அப்பா பெயர்தான். பிறகு ஒரே முத்துசாமியைப் பிரெஞ்சுக்கார எழுத்தர் ஒருமாதிரி எழுதினார், பின்னால் வந்த இங்கிலீஷ் எழுத்தர் வேறு மாதிரி எழுதினார். 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் பேரப் பிள்ளைகள் என் மேஜைக்கு முன்னால் வந்து, இரண்டு எழுத்து மாறியிருப்பதால் தாத்தா தாத்தாவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள் ஐயா என்று நிற்பார்கள். காகிதத்தில் பெயர் சரியாக இருந்தால்தான் உறவு. அந்த மேஜையிலிருந்து எழுந்து வந்தவனுக்கு, பெயரே தெரியாமல் ஒருவர் மேல் இத்தனை உறவு வரும் என்று காட்டும் படம் பிடிக்காமல் போகுமா?

இரண்டாவது 'லப்பர் பந்து'. அதே செப்டம்பரில் வந்தது, தமிழரசன் பச்சமுத்து என்பவருக்கு முதல் படம். உள்ளூர்க் கிரிக்கெட்டில் பெரிய ஆளான மாமனாருக்கும் (அட்டகத்தி தினேஷ்) மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்கும் (ஹரிஷ் கல்யாண்) வரும் வீம்பு. நடுவில், ஆட்டம் தெரிந்தும் சாதியால் அணியில் இடம் கிடைக்காத பையனின் கதை. அதைச் சொல்லும் விதம் நேராக இருக்கிறது, மேடைப் பேச்சாக இல்லை. யசோதையாக வரும் ஸ்வாசிகா பார்வையாலேயே புருஷனை உட்காரவைக்கிறார். 'இந்தப் பொண்ணுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?' என்று சொல்தா என் மனைவியைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. எங்கள் நால்வருக்கும் ஒருமனதாகப் பிடித்த படம் இது ஒன்றுதான். அதனால் இதைப் பற்றிச் சண்டை போட வழியில்லாமல் போயிற்று.

மூன்றாவது 'டூரிஸ்ட் ஃபேமிலி', 2025 மே மாதம் வந்தது. இயக்கிய அபிஷன் ஜீவிந்துக்கும் இது முதல் படம். இலங்கையில் பொருளாதாரம் குலைந்த நேரத்தில் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் ஒளிந்து வாழும் குடும்பம். சசிகுமார், சிம்ரன், இரண்டு பிள்ளைகள். யாரோடும் பேசாதீர்கள், பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று எச்சரிக்கை. ஆனால் அந்த மனுஷருக்குப் பேசாமல் இருக்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வருஷக்கணக்காக வாழ்ந்த காலனி, இந்த வந்தேறிக் குடும்பத்தால் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்குகிறது.

எல்லாம் கொஞ்சம் தித்திப்புத்தான். ஆசிரியர், "உலகத்தில இப்படி எல்லாருமே நல்லவங்களா இருப்பாங்களா?" என்று கேட்டார். ஆதார் எங்கே, வாடகை ஒப்பந்தம் எங்கே என்று என் குமாஸ்தா புத்தியும் முதல் பாதி முழுக்க முனகிக்கொண்டே இருந்தது. ஆனால் காலனியில் ஒரு வயதான அம்மா இறந்துபோகும் இடம் வந்ததும் அது வாயை மூடிக்கொண்டது. துக்கத்துக்கு ஆள் இல்லாத வீடு. வந்தேறி மனுஷர் ஒவ்வொரு கதவாகப் போய் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வருகிறார்.

எங்கள் நால்வரில் யாரும் அப்போது பேசவில்லை. காரணம் உண்டு. போன வருஷம் எங்கள் தெருவில், பிள்ளைகள் எல்லாம் பிரான்சில் இருக்கும் ஒருவர் தனியாக இருந்து இறந்துபோனார். வாசல் கம்பியில் மாட்டிய பையில் இரண்டு நாள் பால் பாக்கெட் அப்படியே இருந்ததைப் பார்த்து பால்காரப் பையன்தான் சந்தேகப்பட்டான். கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. பிள்ளைகள் விமானம் பிடித்து வந்து சேர மூன்று நாள். அதுவரை எல்லாவற்றையும் தெருதான் செய்தது. இறப்பைப் பதியப் போனபோது, தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று படிவத்தில் ஒரு கட்டம். சொல்தா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். 'அண்டை வீட்டுக்காரர்' என்று போடச் சொன்னேன். அந்தக் கட்டத்தில் அதற்கும் இடம் உண்டு.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம். காலை ஏழு மணிக்கு ஒருவர் மற்றவருக்குப் போன் செய்வது. "எழுந்தாச்சா?" "எழுந்தாச்சு." அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைப் படமும் அப்படித் தொடங்கியதுதான்.

நான்காவது பழைய படம். 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்ததும் நினைவுக்கு வந்ததால் தேடிப் போட்டோம். ழாக் ஓதியார் எடுத்த 'தீபன்', 2015-இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. எழுத்தாளர் ஷோபாசக்திதான் கதாநாயகன். போர் முடிந்து தப்பும் ஒரு போராளி, யாரோ ஒரு பெண், யாரோ ஒரு அநாதைச் சிறுமி. செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் புருஷன், பெண்டாட்டி, மகள் ஆகி பிரான்சுக்குப் போகிறார்கள். பாரீஸ் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல்காரர் வேலை.

தமிழும் பிரெஞ்சும் கலந்து வரும் இந்தப் படத்தை சப்டைட்டில் இல்லாமலே பார்க்கும் பாக்கியம் நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு. அகதி விசாரணையில் அதிகாரி பிரெஞ்சில் கேட்க, நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தமிழில் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துப் பேசுகிற இடத்தில் நானும் சொல்தாவும் சிரித்த சிரிப்பு ஆசிரியருக்குப் பாதிதான் புரிந்தது. சிறுமிதான் முதலில் பிரெஞ்சு கற்று பெரியவர்களுக்குச் சொல்கிறாள். எங்கள் காலத்தில் வகுப்புக்குள் பிரெஞ்சு, வெளியே வந்தால் தமிழ். பத்து வயதில் தெருக் கிழவிகளுக்கெல்லாம் பான்சியோன் காகிதத்தைப் படித்துச் சொன்னவன் நான். அந்தப் பிள்ளையின் முகத்தில் இருக்கும் பெருமையும் பாரமும் எனக்குத் தெரியும்.

காகிதத்தில் மட்டும் குடும்பமாக இருந்த மூவர், பயத்தையும் சோற்றையும் பகிர்ந்து பகிர்ந்து மெதுவாகக் குடும்பமே ஆகிறார்கள். அதுவரை அருமை. கடைசியில் துப்பாக்கி, புகை, ரத்தம். அதுதான் சொல்தாவுக்குப் பிடித்தது, எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் மனுஷர்களைக் காட்டிவிட்டு ஏன் கடைசியில் சினிமா காட்ட வேண்டும்?

ஐந்தாவது 'அமூர்'. காதல் என்று அர்த்தம். மிஷேல் ஹானெக் இயக்கி 2012-இல் வந்து, இதுவும் தங்கப் பனை வாங்கியது, ஆஸ்காரும் வாங்கியது. ழான் லூயி திரெந்தினியான், எம்மானுவெல் ரிவா, இருவருமே அப்போது எண்பதைத் தாண்டியவர்கள். ஓய்வுபெற்ற இசை ஆசிரியத் தம்பதி. மனைவிக்குப் பக்கவாதம் வருகிறது. புருஷன் கவனித்துக்கொள்கிறார். ஏறக்குறைய முழுப்படமும் ஒரே வீட்டுக்குள். தூக்கி உட்காரவைப்பது, கரண்டியால் ஊட்டுவது, தண்ணீர் குடிக்க மறுப்பது எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் காட்டுகிறார்கள். நடிப்பென்றே தெரியவில்லை.

பாதியில் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நான் கடைசிவரை பார்த்தேன். முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் படத்தின் தொடக்கமே, தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே வருவதுதான். எங்கள் தெருக் கதவு நினைவுக்கு வராமல் இருக்குமா? மகள் வந்து கேட்டால்கூட அம்மா படுத்திருக்கும் அறையைப் பூட்டிவிடுகிறார் அந்த மனுஷர். பெரிய காதல்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டே பேர் சுமக்கக்கூடிய பாரம் இல்லை அது. அதைப் பெருமைக்குரிய காதல் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். நோயாளி இருக்கும் வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். கஞ்சி கொண்டுவரும் பக்கத்து வீட்டுப் பெண் நோயைக் குணப்படுத்த மாட்டாள். ஆனால் அரை மணி நேரம் நாம் கண்ணை மூடலாம்.

இதுதான் என் அபிப்பிராயம். பதிவேடு வேண்டும். சொத்துக்கு, பான்சியோனுக்கு, பாஸ்போர்ட்டுக்கு அது இல்லாமல் முடியாது. பிள்ளைகள் பாரீசில் இருந்தாலும் துலூசில் இருந்தாலும் பிள்ளைகள்தான். வாட்ஸ்அப்பில் தினமும் முகம் காட்டுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் எழுபதுக்கு மேல் நம் அன்றாடம் நடப்பது, பெயர் சரியாகத் தெரியாவிட்டாலும் கதவைத் தட்டுகிறவர்களால்தான். அவர்களுக்கு நாமும், நமக்கு அவர்களும் இப்போதே பழகி வைக்க வேண்டும். விழுந்த பிறகு பழக முடியாது.

வரிசை கேட்பவர்களுக்கு: மனம் லேசாக வேண்டுமென்றால் 'லப்பர் பந்து'. அழ ஆசை என்றால் 'மெய்யழகன்'. அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்துப் பார்க்க 'டூரிஸ்ட் ஃபேமிலி'. பிரெஞ்சு மறந்துபோகாமல் இருக்க 'தீபன்'. 'அமூர்' நல்ல படம், ஆனால் தனியாக இருப்பவர்கள் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் நோயாளி உள்ளவர்கள் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

அடுத்து என்ன பார்க்கலாம் என்று என்னைக் கடற்கரையில் பார்க்கும்போது சொல்லுங்கள். துப்பாக்கி இல்லாத படமாக இருந்தால் நல்லது. சொல்தாவுக்கு வருத்தம்தான், தூங்கட்டும், எழுப்பிக் காப்பி கொடுத்துக்கொள்கிறோம்.