பெயர் தெரிந்த பிறகு

"இப்ப எங்க பார்த்தாலும் ஓட்டிசம். எங்கட காலத்தில இப்பிடி ஒரு வருத்தம் இருந்ததா?" பெருநாளுக்கு வந்த மாமி கேட்டார். என் தம்பி அப்போது முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அதன் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏழு வயது. ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்னது நான்கரை வயதில்.

மாமியின் கேள்வியை உலகமே கேட்கிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுக் கணக்கில் 150 பிள்ளைகளில் ஒருவர். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் 31 பேரில் ஒருவர். சிலர் இதைத் தொற்றுநோய் போலப் பயப்படுகிறார்கள். வேறு சிலர், வைத்தியர்கள் கண்டபடி பெயர் சூட்டுகிறார்கள் என்கிறார்கள். ஆனால் இடையில் வரைவிலக்கணமே விரிந்தது. அஸ்பேர்கர் என்று தனியாகச் சொல்லப்பட்டவர்களும் 2013இல் இதற்குள் சேர்க்கப்பட்டார்கள். சிறு வயதிலேயே தேடிப் பார்க்கும் வழக்கமும் வந்தது. மாமியின் காலத்திலும் இந்தப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், "ஊமையன்", "ஒரு மாதிரி" என்ற பெயர்களில்.

எம்.எம்.ஆர். தடுப்பூசியைக் குற்றம் சொல்பவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. 1998இல் அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய கட்டுரையை, வெளியிட்ட லான்செட் சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றுவிட்டது.

நம் நாட்டில், அரை நகர்ப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வு 93 பேரில் ஒருவர் என்றது. ஆகவே பெயர் அதிகமாக வழங்கப்படுகிறது என்ற கவலை நமக்குரியதல்ல. நமக்குப் பெயர் பிந்தி வருகிறது. வந்த பிறகும் போக இடமில்லை.

இரண்டு வயதில் கூப்பிட்டால் தம்பி திரும்ப மாட்டான். உம்மா பயந்தார். "ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் பேசும்" என்றார்கள் எல்லோரும். ஓதிய தண்ணீர் பருக்கினோம். அதில் பிழையில்லை, ஆனால் துஆவோடு வைத்தியத்தையும் தேடியிருக்க வேண்டும். இரண்டரை வருடம் போய்விட்டது.

பிறகு பேச்சுச் சிகிச்சை. இரண்டு பஸ் ஏறிப் போக வேண்டும். மாதம் ஒரு தடவை, அரை மணித்தியாலம். கற்பித்த மிஸ் மிகப் பொறுமையானவர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. படத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் தம்பி குசினிக்குள் வந்து, வாழ்க்கையில் முதன்முதலாகத் தண்ணீர் கேட்டான். "வத்துர" என்றான். நாங்கள் சிரித்தோம். உம்மா அழுதார். மகன் பேசிய சந்தோஷமா, தன் மொழியில் பேசவில்லை என்ற கவலையா, நான் கேட்கவில்லை.

அவனை விசேட கல்வி அலகில் சேர்க்கப் போனபோது உறவினர் ஒருவர் சொன்னார்: "குமர்ப் புள்ள இருக்கிற வீடு. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க." அந்தக் குமர் நான்தான். என் கல்யாணத்துக்காகத் தம்பியை மறைக்க வேண்டாம் என்று இதில் என் பெயரோடு எழுதுகிறேன். பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம். யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருப்பவளை "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டிவிடுகிறோம். ஓட்டிசமாக இருக்கலாம் என்று எவருக்கும் தோன்றாது.

குடும்ப நல மாது ஏற்கெனவே வீடு தேடி வருகிறார். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எந்த மாதத்தில் சிரிக்கும், எப்போது பேசும் என்றெல்லாம் இருக்கிறது. நாம் நிறைக் கோட்டைத்தான் பார்க்கிறோம். மற்றப் பக்கங்களையும் உம்மாமார் கேட்டு நிரப்ப வேண்டும். தமிழ் பேசும் சிகிச்சையாளர்களை இந்தப் பக்கம் நியமிக்கும்படி பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆனால் நியமிக்க ஆளும் வேண்டுமே. எங்கள் உயிரியல் வகுப்பில் கேட்டால் எல்லோருக்கும் டொக்டர் ஆகத்தான் ஆசை. களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அன்று மாமியிடம் சொன்னேன்.

"பேசப் படிப்பிக்கிறதுக்கும் கெம்பஸ் போகணுமா மகள்?" என்றார்.

தம்பி இன்னும் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தான்.