கருணைக்கொலை: சொல்லும் பொருளும்

கருணை உயிரைக் காப்பது. கொலை உயிரைப் பறிப்பது. பகையான இவ்விரு சொற்களையும் இணைத்துக் 'கருணைக்கொலை' என்கிறோம். இச்சொல்லை எங்கே ஆளலாம், எங்கே ஆளக் கூடாது என்பதை மாணவர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மேலை நாட்டார் இதனை 'யூதனேசியா' என்பர். கிரேக்க மொழியில் 'நல்ல சாவு' என்பது அதன் வேர்ப்பொருள். அதில் கொல்பவர் தெரிவதில்லை. தமிழ்ச் சொல்லோ 'கொலை' என்பதை மறைக்கவில்லை. சிலர் இதைக் குறை என்பர். நான் நிறை என்பேன்.

சட்டமும் இங்கே கவனமாகவே நடக்கிறது. 1973இல் தாக்கப்பட்டு, மும்பை மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்த செவிலி அருணா ஷான்பாக் தொடர்பான மனுவை உச்சநீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. அவரைப் பேணிய செவிலியரே அம்மனுவை எதிர்த்தனர். ஆயினும், உயிர்தாங்கும் சிகிச்சையை நிறுத்த நிபந்தனைகளோடு அத்தீர்ப்பு வழிவகுத்தது. நச்சூசி போடுவதை ஏற்கவில்லை. 2018இல் அரசியல் சாசன அமர்வு, மாண்போடு இறப்பதும் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது; நோயாளி தம் விருப்பத்தை முன்னரே எழுதிவைக்கலாம் என்றது. அங்கே மருத்துவர் குழு உண்டு, கேள்வி உண்டு, கையொப்பம் உண்டு.

எங்கள் தென்மாவட்டங்களில் நிகழும் தலைக்கூத்தலில் இவற்றுள் எது உண்டு? முதியவருக்கு எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இதையும் சிலர் 'கருணைக்கொலை' என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

என் அப்பத்தா இரண்டாண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். அம்மா களையெடுக்கப் போனால்தான் அடுப்பு எரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வந்தவன் நான். "ஒரு எண்ணெய்க் குளியல் போட்டுவிடுங்களேன், ஆத்தா" என்று அம்மாவிடம் சொன்ன பெரியவர் தீயவர் அல்லர். எங்கள் பாட்டைக் கண்டு இரங்கியவர். ஆனால் அந்தக் கருணை எங்கள்மீது. சாவு மட்டும் அப்பத்தாவுக்கு! அவரை யாரும் கேட்கவில்லை. அவரோ இன்றும் நான் வீடு திரும்பியதும், "சாப்பிட்டியாய்யா?" என்றுதான் கேட்கிறார்.

எனவே, தீராத நோய், நோயாளியின் விருப்பம், அதை அறிய இயலாதபோது மருத்துவர் குழுவின் ஆய்வு ஆகியவை இல்லாத இடத்தில் 'கருணை'யை நீக்கிவிட்டு எஞ்சிய சொல்லை மட்டும் எழுதுவோம். வறுமை செய்யும் கொலைக்குக் கருணையின் பெயரைச் சூட்ட வேண்டாம். படுக்கையில் கிடப்போர்க்கு வலி தணிக்க ஒரு செவிலியும், பேணும் வீட்டுக்கு ஒரு நாள் கூலியும் கிடைக்கச் செய்வோம். உண்மைக் கருணை அதுவன்றோ!